ஆர்டரா, ரிக்வெஸ்ட்டா?

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது, நீச்சல் குளத்தின் ஓரத்தில் சொட்டச் சொட்ட நின்றபடி ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர். மார்கழி மாதம். கடல் பக்கமிருந்து காற்று வீசியது. அவருடைய முழங்கைகள் நடுங்கின. எதிரே ஒரு பெண், மடித்த வெள்ளைத் துண்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதிய பிறகுதான் துண்டு கைமாறியது.

நனைந்திருந்தவர் அந்த ரிசார்ட் முதலாளியின் தம்பி. குளத்துத் துண்டுகள் காணாமல் போகின்றன, யாராக இருந்தாலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது என்று முந்தைய வாரக் கூட்டத்தில் சொன்னவரும் அவரே.

"எனக்குமா மேடம்?"

"யாரா இருந்தாலும்னு சொன்னீங்க சார்."

அவர் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய அந்த ரிசார்ட்டில் அது என் முதல் நாள். அதற்கு முன் செங்கல்பட்டில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். அந்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். ரிசார்ட்டில் விளம்பரக் கையேடு எழுதவும், விருந்தினர்கள் இணையத்தில் திட்டினால் பணிவாகப் பதில் எழுதவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. முக்கியமான பேச்சுவார்த்தைகளில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் நாளடைவில் என் வேலையாயிற்று. இதில் வரும் பேச்சுகளில் பெரும்பகுதி நான் கூடவே இருந்து கேட்டவை.

துண்டோடு நின்ற அந்தப் பெண் ஹவுஸ்கீப்பிங் பிரிவின் தலைவர். எல்லோருக்கும் மேடம். பெயரை எழுதப் போவதில்லை. இந்தக் கடற்கரையில் பெயர் சொன்னால் தெரிந்துவிடும். நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை. நடந்தால் சத்தம் கேட்காது. யாரையும் அவர் அதட்டி நான் பார்த்ததில்லை. மேலதிகாரிகள் எதைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது ஆர்டரா சார், ரிக்வெஸ்ட்டா?" ரிக்வெஸ்ட் என்றால் யோசித்துச் சொல்வார். ஆர்டர் என்றால் "சரிங்க சார்" என்று போய்விடுவார். அதன் பிறகு சொன்னவர்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவர் சொன்னதை அப்படியே செய்வார். கூடவும் செய்ய மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

சமையல் பிரிவின் தலைவர் ஒருமுறை அவரோடு சண்டை போட்டார். மேசை விரிப்புகளில் கறை போகவில்லை என்பது தொடக்கம். முடிவில், "இனிமே என் கிச்சன் வாசப்படிய நீங்களோ உங்க ஆளுங்களோ தாண்டக் கூடாது" என்றார். ஆர்டரா என்று மேடம் கேட்டார். ஆர்டர்தான் என்றார் அவர். இரண்டு மாதம் கழித்து, கல்யாணக் கூட்டம் ஒன்று தங்கியிருந்த நாளில், சமையலறையில் சாக்கடை பொங்கியது. தகவல் போனவுடன் மேடம் வந்தார். ஆட்களும் வந்தார்கள். துடைப்பம், வாளி, கிருமிநாசினி எல்லாம் வந்தன. வந்து வாசற்படிக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். உள்ளே அழுக்குத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம் வேடிக்கை பாக்கறீங்க?"

"தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க சார்."

"அதெல்லாம் அன்னிக்குக் கோவத்துல சொன்னது."

"அந்த ஆர்டர் கேன்சலா சார்?"

கேன்சல் என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகச் சொன்ன பிறகுதான் வாளிகள் உள்ளே போயின. அரை மணி நேரத்தில் தரை பளபளத்தது. அன்று மேடத்தின் முகத்தைக் கவனித்துப் பார்த்தேன். வெற்றி பெற்ற களை எதுவும் இல்லை. செய்ய வேண்டியது முடிந்தது, அவ்வளவுதான் என்பதுபோல் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம் புது ஜெனரல் மேனேஜர் வந்தார். ஜி.எம். என்பார்கள். சென்னையிலிருந்து வந்தவர். இறுக்கமான சட்டை, இரண்டு செல்போன். எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பார். சமையலறைக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று, கொசு மருந்துக்கு ஒன்று. குழுவை ஆரம்பித்து எல்லோரையும் சேர்த்துவிட்டு, சத்தம் வராதபடி மியூட் செய்துவிடுவார். அவரே பெருமையாகச் சொன்னது இது. எனக்கு அவர் மீது அன்பு கிடையாது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்கள் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம்.

துணி துவைப்பதையும் அறை சுத்தம் செய்வதையும் வெளி நிறுவனத்திடம் விடுவது என்று அவர் முடிவு செய்தார். அப்படியானால் மேடம் தேவையில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், காலை உணவு நேரம் முடிந்ததும், தன் அறைக்கு அவரைக் கூப்பிட்டார். குறிப்பெடுக்க நான் இருந்தேன். மேசையில் ஒரு தாள் இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுவதாக மேடம் எழுதியதுபோல் தட்டச்சு செய்யப்பட்ட கடிதம் அது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"பர்சனலா எடுத்துக்காதீங்க மேடம். கம்பெனி ரீஸ்ட்ரக்சர் பண்ணுது. நீங்களா போனா மரியாதையா இருக்கும். ஒரு மாசச் சம்பளம் சேத்துத் தரேன்."

"நான் போகலைன்னா?"

"அசிங்கமாயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மேடம் அந்தத் தாளை முழுவதும் படித்தார். திருப்பி வைத்தார். "இது ஆர்டரா சார், ரிக்வெஸ்ட்டா?"

"ரிக்வெஸ்ட்தான்."

"அப்போ யோசிச்சுச் சொல்றேன் சார்."

ஜி.எம். சிரித்தபடி மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அவர் எதற்கும் தயாராகத்தான் இருந்தார். அது மாற்றல் உத்தரவு. ரிசார்ட்டின் புதிய கிளைக்கு, திறப்புக்கு முந்தைய ஹவுஸ்கீப்பிங் தலைவராக, நாளை முதல்.

புதிய கிளை என்பது அங்கிருந்து தெற்கே போனால் கடலோரத்தில் இருக்கும் ஒரு சவுக்குத் தோப்பு. அடிக்கல் நாட்டி ஒரு வருடமாகியிருந்தது. அடிக்கல்லைத் தவிர அங்கே வேறு கல் கிடையாது. கூரை இல்லை, தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. நாற்பதைத் தாண்டிய பெண் கோடை வெயிலில் இரண்டு நாள் தாங்குவார், மூன்றாம் நாள் முதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது ஜி.எம்.மின் கணக்கு. அந்த வகை மாற்றலை நான் செய்தியாகவே எழுதியிருக்கிறேன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நடந்தது. அங்கே மாற்றப்பட்டவர் இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இது ரிக்வெஸ்ட்டா சார்?"

"இல்ல மேடம். இது ஆர்டர்."

"சரிங்க சார்."

அன்று சாயங்காலம் அவர் செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சொன்னதை மறுநாள் எனக்குப் போனில் சொன்னார்: "எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. ஒரு நாள் கூட மட்டம் போடாதீங்க. ஒரு நாள் வரலைன்னாலும் வேலைய விட்டு ஓடிட்டாங்கன்னு எழுதுவாங்க. அப்புறம் உங்களுக்குச் சேர வேண்டியத வாங்க வருஷக்கணக்கா அலையணும்." சேர வேண்டியது என்றால், பத்தொன்பது வருட வேலைக்கான பணிக்கொடை, நோட்டீஸ் காலச் சம்பளம், விடுப்புச் சம்பளம், நல்ல விதமாக எழுதிய ஒரு பணிச் சான்றிதழ். மகள் கல்லூரியில் கடைசி வருடம். கணவருக்கு நிலையான வருமானம் இல்லை. 'விலகினார்' என்றோ 'ஓடினார்' என்றோ எழுதிய தாளோடு போனால் இந்தக் கடற்கரையில் வேறு எந்த விடுதியும் அவரைச் சேர்க்காது.

முதல் நாள் தோப்பில் அவரை வரவேற்றவர் அங்கிருந்த காவலாளி. பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, ஆடு உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். பின்னால் ஒரு நாள் நான் அங்கே போனபோது அவரே நடித்துக் காட்டினார்.

"புடவ கட்டிகினு, பேக் மாட்டிகினு வந்து நிக்குது. இன்னாம்மா வோணும்னேன். டூட்டின்னுது. இங்க இன்னா டூட்டி? சருகுதான் கீது. மேடம், மரத்துக்கெல்லாம் பெட்ஷீட் போடப் போறியான்னு கேட்டேன். அதுக்கு இன்னா சொல்லிச்சு தெரியுமா? ஆர்டர் வந்தா போடுவேண்ணேன்னுச்சு!"

"அப்புறம்?"

"அப்பறம் இன்னா, நானும் அதுவும் ரெண்டு ஓணானும்தான். ரொம்ப பேஜாரு சார். வெயிலு அப்பிடி. என் தங்கச்சி வூடு பக்கத்துலதான் கீது. பாத்ரூமுக்கு அங்க போய்க்கோம்மான்னு நான்தான் சொன்னேன். ஒரு நாக்காலியும் எடுத்தாந்து குடுத்தேன்."

காலை எட்டரை மணிக்கு வருவார். சாயங்காலம் ஐந்தரைக்குப் போவார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பேருந்து, மாமல்லபுரத்திலிருந்து இன்னொன்று, இறங்கி மணலில் நடை. இரண்டு பாட்டில் தண்ணீர், சோற்று டப்பா, குடை. சருகைக் கூட்டிக் குவித்தார். அடிக்கல்லைத் துடைத்தார். தினமும் தேவையான பொருட்களைக் கேட்டு ஒரு இன்டென்ட் எழுதி ஜி.எம்.முக்கு அனுப்பினார். குடிநீர், தற்காலிகக் கழிப்பறை, நாற்காலி, நிழலுக்குத் தார்ப்பாய். எதுவும் அனுமதிக்கப்படவில்லை. இரண்டாவது வாரத்தில் வாந்தியும் காய்ச்சலும் வந்தன. அன்றைக்கும் வந்தார். குடையை மணலில் நட்டு, அதன் கீழே சுருண்டு படுத்தார். அவர் வராத நாளைப் பிடிக்க ஜி.எம். பாதுகாப்பு அதிகாரியை அனுப்பியது அன்றைக்குத்தான். மேடம் எழுந்து உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டை நீட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடியும் படுத்தார்.

அந்தப் பிடிவாதம் அன்றைக்கு வந்தது அல்ல என்பது எனக்குத் தெரியும். பல மாதம் முன்பு ஊழியர்களுக்கான வேனில் வந்துகொண்டிருந்தபோது, மாமியாரைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்யாணமான புதிதில் மாமியார் ஏதோ கோபத்தில், "என் ரூமுக்குள்ள கால் வெக்காத" என்று சொல்லியிருக்கிறார். மேடம் வைக்கவில்லை. வருடங்கள் போயின. மாமியார் படுத்த படுக்கையானார். மூன்று வேளையும் சாப்பாட்டை அறை வாசல்வரை கொண்டுபோய் வைப்பார் மேடம். மகனோ, வேலைக்காரப் பெண்ணோ எடுத்து உள்ளே கொடுப்பார்கள்.

"கடைசிவரைக்குமா?" என்று வேனில் யாரோ கேட்டார்கள்.

"இல்ல. ஒரு நாள் கூப்பிட்டாங்க. உள்ள வாம்மான்னாங்க. போனேன். அப்புறம் நான்தான் எல்லாம் பாத்தேன். குளிப்பாட்டினது, தலை வாரினது எல்லாம்."

"எவ்வளவு நாள் கழிச்சுக் கூப்பிட்டாங்க?"

"அவங்களுக்குத் தோணினப்போ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜி.எம். செய்த தவறு, அவரைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மாற்றல் உண்மையானது என்று காட்ட வேண்டும் என்பதற்காக, புதிய கிளையின் வாட்ஸ்அப் குழுவில் மேடத்தைச் சேர்த்தார். 'தினசரி அறிக்கையும் புகைப்படமும் தவறாமல் மாலை ஐந்தரைக்குள் குழுவில் போட வேண்டும்' என்று மாற்றல் உத்தரவிலேயே ஒரு வரி இருந்தது. எல்லா உத்தரவுகளிலும் அவர் ஒட்டும் வரி அது. அந்தக் குழுவில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தத் தோப்பில் வரப்போகும் கடலோர வில்லாக்களுக்கு முன்பணம் கட்டியவர்கள் அதில் இருந்தார்கள். சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பதிகள், நாவலூர் அடுக்ககத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், இப்படிப் பதினாறு பேர். மாதத்துக்கு ஒருமுறை ஜி.எம். அவர்களுக்கு வண்ணப் படங்கள் போடுவார். முதல் தளம் முடிந்தது, இரண்டாம் தளம் நடக்கிறது என்று கீழே எழுதுவார். நானும் அந்தக் குழுவில் இருந்தேன்.

முதல் நாள் மாலை மேடம் போட்டது இது: 'விருந்தினர்: இல்லை. அறைகள்: இல்லை. செய்த வேலை: சருகு கூட்டியது. புகார்: இல்லை.' கூடவே ஒரு படம். சவுக்கு மரங்கள், மணல், தூரத்தில் கடல்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏதோ தவறிப் போட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு வாரம் போன பிறகு நாவலூர்க்காரர் கேட்டார்: 'மேடம், இது எந்த இடம்?'

மேடம் பதில் எழுதினார்: 'இடம் பற்றிப் பேச எனக்கு அதிகாரம் இல்லை. தயவுசெய்து ஜி.எம். சாரைக் கேட்கவும்.'

அப்போதுதான் ஜி.எம். அந்தக் குழுவைத் திறந்து பார்த்தார். அவர் அறையிலிருந்து வந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் படங்கள் தோப்பின் பின்பக்கம், கட்டடம் முன்பக்கம் இருக்கிறது என்று குழுவில் எழுதினார். மறுநாள் மேடத்தின் அறிக்கை: 'செய்த வேலை: இன்று முன்பக்கம் கூட்டியது.' படத்தில் மரங்கள். மேடம் வழி தவறிப் பக்கத்துத் தோப்புக்குப் போய்விட்டார் என்று அதற்கு மறுநாள் எழுதினார். பிறகு மேடத்துக்குப் போன் செய்தார். நான் எதிரே இருந்தேன், ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மேடம், இனிமே ரிப்போர்ட் போட வேணாம்."

"சரிங்க சார். எழுத்துல குடுத்துடுங்க."

"வாயால சொல்றேன்ல?"

"ஆர்டர் எழுத்துல வந்தது சார். கேன்சலும் எழுத்துல வரட்டும்."

எழுத்தில் கொடுத்தால், அந்த உத்தரவே நாடகம் என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். குழுவிலிருந்து மேடத்தைத் தூக்கினால், ஏன் தூக்கினீர்கள் என்று பதினாறு பேரும் கேட்பார்கள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அந்தம்மாவ செட்டில் பண்ணி அனுப்பிடணும்" என்றார். அலுவலகத்துக்கு வந்து பேசச் சொல்லி ஆள் அனுப்பினார். பணி நேரத்தில் இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற அவருடைய சுற்றறிக்கையின் படம் பதிலாக வந்தது.

மே மாதக் கடைசி வாரத்தில் நாங்கள் தோப்புக்குப் போனோம். கார் மணலில் இறங்க மறுத்தது. நடந்தோம். ஜி.எம். தோல் ஷூ போட்டிருந்தார். மணல் உள்ளே போய் நொண்டினார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அடிக்கல். புதிய கிளையின் பெயரும், முதலாளியின் பெயரும், ஜி.எம்.மின் பெயரும் அதில் செதுக்கியிருந்தன. தூசி இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அந்தக் கல் அதுவரை அவர் போட்ட எந்தப் படத்திலும் வரவில்லை. தோப்புக்குள் நுழைந்ததும் ஜி.எம். பார்த்தது மேடத்தை அல்ல, அந்தக் கல்லை.

மேடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மறுபடியும் உட்கார்ந்தார். ஜி.எம். சுற்றிலும் பார்த்தார்.

"உக்கார ஏதாவது இருக்கா?"

"இன்டென்ட் போட்டிருக்கேன் சார். நீங்க இன்னும் அப்ரூவ் பண்ணல."

காவலாளி மரத்துக்குப் பின்னால் போய் இருமுவதுபோல் சிரித்தார். அதன் பிறகு நடந்த பேச்சு முழுவதும் ஜி.எம். நின்றுகொண்டுதான் பேசினார். நானும் நின்றுகொண்டுதான் எழுதினேன்.

"ரெண்டு மாசச் சம்பளம் தரேன் மேடம். இன்னிக்கே. இதோட முடிச்சுக்கலாம்."

"வேணாம் சார்."

"சரி, நீங்களே ஒரு அமவுன்ட் சொல்லுங்க."

"நான் அமவுன்ட் சொல்ல மாட்டேன் சார். எனக்கு என்னென்ன சேரணும்னு மட்டும் சொல்றேன். நீங்க கணக்குப் போடுங்க. கொறைஞ்சா சொல்றேன்."

ஒவ்வொன்றாகச் சொன்னார். கையில் தாள் எதுவும் இல்லை. பணிக்கொடையில் முதல் நான்கு வருடத்தைச் சேர்க்க முடியாது, அப்போது அவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்றார் ஜி.எம்.

"அந்த நாலு வருஷமும் இந்த ரிசார்ட் ரூமையெல்லாம் கூட்டினது நான் சார். கான்ட்ராக்டர் வந்து கூட்டல."

"ரூல்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்?"

"இருக்கு சார். லேபர் ஆபீஸ்ல கேட்டுக்கலாம். அதுவரைக்கும் நான் இங்கதான் டூட்டியில இருப்பேன்."

ஜி.எம். கடல் பக்கம் பார்த்தார். கல்லைப் பார்த்தார். நான்கு வருடத்தையும் சேர்த்தார். செல்போனில் பெருக்கிக் கூட்டிச் சொன்னார். மேடம் கண்ணை மூடிக் கேட்டார்.

"விடுப்பு நாள் அதிகமாப் போட்டிருக்கீங்க சார். எனக்கு அவ்வளவு பாக்கி இல்ல."

"பரவால்ல, வெச்சுக்கோங்க."

"வேணாம் சார். காசு விஷயம் சரியா இருக்கட்டும்."

அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை என்பதைக் குறிப்பில் எழுதினேன். சான்றிதழில் 'தானாக விலகினார்' என்ற சொற்கள் வரக் கூடாது, 'பிரிவு மூடப்பட்டதால் விடுவிக்கப்பட்டார்' என்று இருக்க வேண்டும் என்றார். காரிலிருந்த மடிக்கணினியையும் சின்ன அச்சு இயந்திரத்தையும் டிரைவர் சுமந்து வந்தார். விடுவிக்கப்பட்ட நேரம் முதல் இந்த இடம் பற்றி யாரிடமும் எந்த வகையிலும் தெரிவிக்க மாட்டேன் என்று ஒரு வரியை ஜி.எம். சேர்க்கச் சொன்னார். மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் கையெழுத்து என்றார். ஜி.எம். கணக்குப் பிரிவுக்குப் போன் செய்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கல்லுக்குப் பக்கத்து மர நிழலில் போய் நின்றார். மேடம் செல்போனைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். வங்கியின் குறுஞ்செய்திக்காகப் பார்க்கிறார் என்று ஜி.எம். நினைத்திருக்க வேண்டும்.

இரண்டு மணி சுமாருக்குப் பணம் வந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்போதாவது ஜி.எம். அவரைப் போக விட்டிருக்கலாம். வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற மனிதருக்கு அப்படி விட மனம் வரவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க? இன்னிக்கு முழு நாள் சம்பளம் சேத்துத்தான் குடுத்திருக்கேன். அஞ்சரைக்குத்தான் நீங்க ரிலீவ். அதுவரைக்கும் டூட்டியெல்லாம் ஒழுங்கா முடிச்சுட்டுப் போங்க."

மேடம் பையைக் கீழே வைத்தார். "இது ஆர்டரா சார்?"

"ஆர்டர்தான்."

"எழுத்துல குடுங்க சார்."

நிற்கவே முடியாத நிலையில் ஜி.எம். என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். 'மாலை 5.30 வரை வழக்கமான எல்லாப் பணிகளையும் முடித்த பின் விடுவிக்கப்படுகிறார்' என்று ஒப்பந்தத்தின் கீழே அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சரிங்க சார்" என்றார் மேடம்.

திரும்பி வரும்போது காரில் ஜி.எம். தூங்கிவிட்டார்.

மாலை ஐந்து இருபத்தெட்டுக்குக் குழுவில் அறிக்கை வந்தது. 'வருகை: ஜி.எம். சார். அறைகள்: இல்லை. செய்த வேலை: சருகு கூட்டியது, அடிக்கல் துடைத்தது. புகார்: இல்லை.' கீழே படம். சவுக்கு மரங்களுக்கு நடுவே ஜி.எம். கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் கல். கல்லில் இருந்த மூன்று பெயர்களையும் படிக்க முடிந்தது. ஐந்து முப்பதுக்கு மேடம் குழுவிலிருந்து வெளியேறினார்.

இப்போது அவர் இதே கடற்கரையில் வேறொரு விடுதியில் ஹவுஸ்கீப்பிங் தலைவராக இருக்கிறார். நடுவில் ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அந்தத் தோப்பைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். "கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்" என்றார். மகளுக்கு வேலை கிடைத்ததைப் பற்றிப் பேசினார்.

படம் வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு, நாவலூர்க்காரர் எங்கள் வரவேற்பறையில் நின்றுகொண்டிருந்தார். அவரோடு முன்பணம் கட்டிய இன்னும் ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.